என் மனைவி நடத்தும் பிராசஸர் வகுப்பு

1

ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் முன்பெல்லாம் "அங்கே மழையா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மலேசியாவில் நாங்கள் இருக்கும் ஜொகூரில் எப்போதும் மழை. ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம். இந்த மாதம் முழுக்க வேறு கேள்வி. "அகிலா யுனிவர்சிட்டில கிளாஸ் எடுக்குதாமே? எம்.எஸ்சி. படிக்கிறவங்களுக்காமே?" அருப்புக்கோட்டையில் என் அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அதே பல்கலைக்கழகத்தில் நான் பல வருடங்களாக வகுப்பு எடுக்கிறேன். எனக்காக அவர் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போனதாக ஞாபகம் இல்லை.

ஆளாளுக்கு விசாரிப்பதால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். வகுப்பு நன்றாக நடந்தது. அகிலா பிரமாதமாக எடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. மூன்றும் உண்மை.

வகுப்பு எதைப் பற்றி என்று அம்மாவுக்குத் தெரியாது. உங்களில் சிலருக்கும் தெரியாமல் இருக்கலாம். கம்ப்யூட்டருக்குள்ளும் போனுக்குள்ளும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் சில்லுக்குப் பிராசஸர் என்று பெயர். அதைத் தொழிற்சாலையில் செய்வது ஒரு வேலை. அதற்கு முன்னால், அதற்குள் எது எதோடு சேர வேண்டும், எது எதற்குப் பின்னால் நடக்க வேண்டும் என்று யோசித்து எழுதுவது இன்னொரு வேலை. இரண்டாவதற்குத்தான் வடிவமைப்பு என்று பெயர். மலேசியாவில் இத்தனை காலம் பெரும்பாலும் சில்லுகளைப் பொட்டலம் கட்டிச் சோதித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது வடிவமைப்பையும் நாமே செய்வோம் என்று கிளம்பியிருக்கிறார்கள். அதற்காக எங்கள் துறையில் தொடங்கியதுதான் இந்த முதுகலை வகுப்பு.

இதன் பாடத்திட்டத்தை எழுதியவன் நான். முதலில் துறைக் கூட்டம், பிறகு அதற்கு மேலே ஒரு கூட்டம், பிறகு கோலாலம்பூரிலிருந்து வந்த அங்கீகாரக் குழு. ஒரே விஷயத்தை ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு வடிவத்தில் கேட்டார்கள். எழுத்து சிறியதாக இருக்கிறது என்று ஒருமுறை மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவுக்கும் தனி ஆளாக ஈடுகொடுத்தேன். கடைசியில் குழுவினர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உண்மையான கம்பெனியில் உண்மையான பிராசஸரில் வேலை செய்தவர் யாராவது உங்களிடம் உண்டா?" என்று கேட்டார்கள். துறையில் யாரும் இல்லை. என் வீட்டில் ஒருத்தி இருந்தாள்.

2

பொறாமை எனக்குப் புதிதல்ல. பள்ளியில் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குக் கணக்கில் நூறு வந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வளர்ந்தேன், கல்யாணமும் ஆனது.

அகிலாவுக்கும் எனக்கும் ஒரே படிப்பு. பெண் பார்க்கப் போனபோது என் சித்தப்பா அதையே பெரிய பொருத்தமாகச் சொன்னார். "ரெண்டு பேரும் எலக்ட்ரானிக்ஸ். பேசிக்க விஷயம் இருக்கும்." அவள் அப்போது பெங்களூரில் ஒரு சில்லு கம்பெனியில் இருந்தாள். மற்றவர்கள் வடிவமைத்ததை வாங்கி அதில் பிழை தேடுவது அவள் வேலை. பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிற பெண்ணைக் கட்டிக்கொள்கிறாயே என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு எனக்கு இங்கே வேலை கிடைத்தது, அவள் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தாள். அவள் பாஸ்போர்ட்டில் ஒட்டிய தாளில், இவர் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று அச்சடித்திருந்தது. குடிநுழைவு அலுவலகத்தில் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்த பெண், இவர் என்ன வேலை செய்கிறார் என்று மலாயில் கேட்டார். அப்போது எனக்குத் தெரிந்த மலாய் கொஞ்சம்தான். ஆனால் "சூரி ருமா" என்று டக்கென்று சொல்லிவிட்டேன். இல்லத்தரசி என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் அகிலா கேட்டாள்: "அந்தம்மா என்னத்தக் கேட்டாங்க?"

சொன்னேன்.

"நான் இன்ஜினியர்னு சொல்லியிருக்கலாம்ல? இப்போ வேலை பாக்கலைன்னா படிச்சது இல்லைன்னு ஆயிருமா?"

"எனக்கு அந்த வார்த்தைக்கு மலாய் தெரியாதுல்ல" என்றேன். தெரியும். ஆங்கில வார்த்தையைத்தான் அவர்களும் கொஞ்சம் இழுத்துச் சொல்கிறார்கள்.

மறைப்பானேன், அந்த வருடங்கள் எனக்குச் சுகமாக இருந்தன. வீட்டில் ஒரே ஓர் இன்ஜினியர், அது நான். மாலையில் வந்து ஆய்வுக்கூடத்தில் நடந்ததைச் சொன்னால் அவள் உட்கார்ந்து கேட்பாள். எங்கள் மகள் இலக்கியா கொஞ்சம் வளர்ந்த பிறகு சிங்கப்பூரில் ஒரு வடிவமைப்பு கம்பெனி அகிலாவைக் கூப்பிட்டது. அன்றோடு போச்சு. எங்கள் வீடு இருக்கும் குளாயிலிருந்து இருட்டோடு கிளம்பி, சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்கு நடுவே பஸ்ஸில் நின்று, அந்தப் பக்கம் போய்த் திரும்புவாள். களைத்துத்தான் வருவாள். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு உட்கார்ந்து கேட்பது என் முறை ஆனது.

அவள் குழுவில் ஒரு பழக்கம் இருந்ததாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருவர், சரியாக ஓடிக்கொண்டிருக்கும் வடிவமைப்பில் வேண்டுமென்றே ஒரு பிழையை ஒளித்துவைப்பார். மற்றவர்கள் தேட வேண்டும். "தேடுறதைவிட ஒளிச்சுவைக்கிறதுதாங்க கஷ்டம்" என்பாள். "சட்டுனு கண்ணுல படுற மாதிரி வச்சா ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க. ரொம்ப நாள் யாரும் பாக்காம கெடக்குற மாதிரி ஒண்ணு வச்சாத்தான் கெத்து." வேலைக்குப் போய் விளையாடிவிட்டு வருகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். பிறகு பாலத்தின் நெரிசல் அலுத்துப்போய் அந்த வேலையை விட்டாள். நான் மேலுக்கு வருத்தப்பட்டேன்.

3

அங்கீகாரக் குழு போன பிறகு துறைத் தலைவர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். மலாய்க்காரப் பெண்மணி, நல்லவர். "உங்கள் மனைவி சிங்கப்பூரில் இந்த வேலைதானே செய்தார்? போலே தாக்?" என்றார். முடியுமா முடியாதா என்று அர்த்தம். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. இன்று அவளுக்குத் தலைவலி, நாளை இலக்கியாவுக்குப் பரீட்சை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தினேன்.

கடைசியில் அவரே அகிலாவை பாசார் மாலத்தில், அதாவது சாயங்காலச் சந்தையில், நேருக்கு நேர் பார்த்துக் கேட்டுவிட்டார். வகுப்பு எடுப்பதற்கான அனுமதியைத் துறையே வாங்கித் தரும் என்றும் சொன்னார். நான் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

காரில் ஏறியதும் அகிலா சொன்னாள்: "உங்ககிட்ட எப்பவோ சொல்லிட்டாங்களாமே."

"மறந்துட்டேன்."

"நீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே பார்த்தாள்.

விஷயம் தெரிந்ததும் இலக்கியா குதித்தாள். இங்கேயே பிறந்தவள், படிவம் நான்கில் படிக்கிறாள், அதாவது நம் ஊர்க் கணக்கில் பத்தாம் வகுப்பு. பேச்சு முழுக்க இந்த ஊர்ப் பேச்சு.

"அலமாக்! அம்மா படிச்சுக் குடுக்கப் போறாங்களா? அப்போ நீங்க என்னா செய்வீங்கப்பா?"

"நான்தான் அந்த வகுப்புக்கு ஒருங்கிணைப்பாளர்."

"அப்டின்னா?"

"எல்லாத்தையும் ஏற்பாடு பண்றது."

"ஓ... அம்மாவ காடியில கொண்டு போயி விடுறது லா."

காரைக் காடி என்று சொல்வதைத் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். மற்றபடி அவள் சொன்னது சரிதான். சின்ன வயதில் கணக்குச் சந்தேகம் என்றால் என் மடியில் வந்து உட்கார்ந்த பெண் இவள். இப்போது நேராக அம்மாவிடம் போகிறாள். ஏன் என்று கேட்டால், "நீங்க சொன்னா ரொம்ப நீளமா போவும்பா" என்கிறாள்.

4

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மூன்று பேரும் பாத்திரம் கழுவ நிற்போம். நான் தேய்ப்பேன், அகிலா அலசுவாள், இலக்கியா துடைத்து அடுக்குவாள். ஒரு தட்டைத் துடைத்து முடிக்கிறவரை அடுத்த தட்டு காத்திருக்காது. அது அதற்குள் அலசலுக்கு வந்திருக்கும், அதற்கடுத்தது என் கையில் நுரையோடு இருக்கும். பிராசஸரும் தனக்குக் கொடுத்த கட்டளைகளை இப்படித்தான் வரிசையாகக் கை மாற்றி முடிக்கிறது. இந்த ஊருக்கு வந்த புதிதில் பட்டப்படிப்பு மாணவர்களின் ஆய்வுக்கூடத்துக்காக அப்படியொரு சின்ன பிராசஸரை நானே எழுதினேன். இன்றுவரை எல்லாப் பயிற்சிகளும் அதன்மேல்தான் ஓடுகின்றன. இங்கே நான் செய்ததில் சொல்லிக்கொள்ளும்படி இருப்பது அது ஒன்றுதான்.

முதல் வகுப்புக்குச் சில நாள் முன்பு, தட்டை அலசிக்கொண்டே அகிலா கேட்டாள்: "ஏங்க, உங்க குட்டி பிராசஸர் இருக்குல்ல, அதை நான் எடுத்துக்கிடட்டுமா? மொத கிளாஸ்ல காட்டணும்."

"எதுக்கு?"

"கிளாஸ்ல வந்து பாருங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையான பிராசஸர்களைப் பார்த்தவள், என்னுடையதை முன்மாதிரியாகக் காட்டப் போகிறாள் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். அன்றே உட்கார்ந்து ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கக் குறிப்பு சேர்த்தேன். தலைப்பில் என் பெயரைக் கொஞ்சம் பெரியதாகப் போட்டேன்.

5

சனிக்கிழமை காலை வகுப்பு. வந்தவர்களில் பாதிப் பேர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். பாலோவிலிருந்து சரவணன், லாயாங் லாயாங்கிலிருந்து தேவிகா. தேவிகா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். மலாய், சீன மாணவர்களும் உண்டு. அதனால் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது, நான் தமிழில் சொல்கிறேன்.

அறிமுக உரை என்னுடையது. கம்ப்யூட்டர் பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்து, பாடத்திட்டம் எத்தனை கூட்டங்களைத் தாண்டி வந்தது என்பது வரைக்கும் விரிவாகவே பேசினேன். அகிலாவைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி சொன்னேன். அவள் படித்த படிப்பைச் சொன்னேன். பார்த்த வேலையைச் சொல்ல விட்டுப்போயிற்று. விட்டுப்போயிற்று என்று எழுதுவது ஒரு மரியாதைக்காக. பிறகு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அவள் எழுந்து என் பிராசஸரைத் திரையில் போட்டாள். மேலே என் பெயர் பளிச்சென்று தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இது சார் வடிவமைத்தது. உங்களில் சிலர் இதில்தான் படித்திருப்பீர்கள். நேற்று நான் இதற்குள் ஒரு பிழையை ஒளித்துவைத்தேன். கண்டுபிடியுங்கள். பாடத்தைப் பிறகு ஆரம்பிப்போம்."

அவ்வளவுதான் அவளுடைய அறிமுகம். என் உரையைக் கேட்டுக் கொட்டாவி விட்ட அறை அப்படியே விழித்துக்கொண்டது. நாற்காலிகளைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து தேடினார்கள். நான் இத்தனை வருடம் இதே அறையில் பாடம் நடத்தியிருக்கிறேன். இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. முன்மாதிரி என்று நினைத்த என் பிராசஸரை ஓட்டை தேடுகிற பானையாக்கிவிட்டாளே என்று ஒரு கோபம். இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று அதைவிடப் பெரிய கோபம்.

சரவணன் கண்டுபிடித்தான். ஒரு கட்டளைக்கு வேண்டிய எண் நினைவகத்திலிருந்து வந்து சேருகிறவரை அது பிராசஸருக்குள் ஓடும் கடிகாரத்தின் ஒரு துடிப்பு நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை அகிலா எடுத்துவிட்டிருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது தேவிகா கையைத் தூக்கினாள்.

"மேடம், எனக்குக் கிடைத்தது அது இல்லை. இது வேறு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிராசஸருக்குள் எண்களை வைக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள் உண்டு. அதில் ஒன்று எப்போதும் பூஜ்யம். அதில் எதைப் போட்டாலும் காணாமல் போகும், திறந்தால் பூஜ்யம்தான் வரும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் வேகத்துக்காக நான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். ஒரு கட்டளை தன் விடையை இழுப்பறையில் போடும் முன்பே அடுத்த கட்டளைக்குக் கையில் கொடுத்துவிடும். பூஜ்ய இழுப்பறைக்கு மட்டும் அப்படிக் கொடுக்காதே என்று நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதில் ஐந்தைப் போட்டால் அடுத்த கட்டளைக்குப் பூஜ்யத்துக்குப் பதில் ஐந்து போய்விடும். அந்த இழுப்பறையில் யாரும் எதுவும் போடுவதில்லை என்பதால் இவ்வளவு காலம் யாரும் பார்க்கவில்லை. தேவிகா போட்டுப் பார்த்திருக்கிறாள்.

அகிலா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரியும். இது அவள் வைத்த பிழை அல்ல. மெல்லத் தலையைத் தூக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். எனக்குக் காது சுட்டது. மேலே என் பெயர் அத்தனை பெரியதாக இருந்தது.

அடுத்த நொடி அவள் சிரித்தாள். "ஒன்று என்றுதான் சொன்னேன். இரண்டு வைத்தேன். ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவீர்களா என்று பார்க்கத்தான். தேவிகா ஒருத்திதான் நிறுத்தவில்லை. இந்தத் தொழிலில் முதல் பாடம் அதுதான்."

அறையே அவளை வாய் பிளந்து பார்த்தது. எனக்காகச் சொன்ன பொய்யிலிருந்துகூட ஒரு பாடத்தை எடுத்துவிட்டாள்.

6

இடைவேளையில் வராந்தாவில் டீயும் கரிப்பாப்பும் வைத்திருந்தார்கள். கரிப்பாப் என்றால் உள்ளே உருளைக்கிழங்கு வைத்த ஒரு பொரித்த பலகாரம். நான் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். தேவிகாவும் சரவணனும் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

"சார், மேடம் வெச்ச ரெண்டாவது தப்பு இருக்கு பாருங்க, பயங்கரம் லா" என்றாள் தேவிகா. "மொத தப்ப யாரு வேணும்னாலும் வெப்பாங்க சார். இது வேற லெவல். யாரும் போகாத எடமா பாத்து வெச்சிருக்காங்க."

"சாரோட டிசைன் எவ்ளோ கிளீனா இருந்துச்சு" என்றான் சரவணன். "அதுக்குள்ள பூந்து தெரியாம செஞ்சிருக்காங்களே. நாங்க டிகிரி படிக்கிறப்போ இதே டிசைன்லதான் சார் லேப் செஞ்சோம். இந்த மாதிரி ஒரு தப்ப யோசிக்கவே தனி மூள வேணும்."

"வேணும்" என்றேன்.

"வீட்டுலயும் மேடம் இப்படித்தானா சார்?"

நான் கரிப்பாப்பைக் கடித்தேன். நினைத்துப் பாருங்கள். ஜொகூரில் இத்தனை வருடம் உழைத்து நான் செய்த எதையும் ஒருவர்கூட இப்படி வாய் நிறையப் புகழ்ந்ததில்லை. யாரும் பார்க்காமல் இவ்வளவு காலம் கிடந்த பிழை. அகிலாவின் வெள்ளிக்கிழமைக் கூட்டம் கண்டால் எழுந்து நின்று கை தட்டியிருக்கும். அது என்னுடையது. அதற்கான பெயர் அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

புத்தியுள்ள மனிதன் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடிப்பான். என் வேலை அனுமதியை இந்த வருடம் புதுப்பிக்க வேண்டும். துறைத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் அது நகராது. இத்தனை வருட ஆய்வுக்கூடப் பயிற்சிகளும் ஒரு பிழையின் மேல் நின்றன என்று அவர் காதுக்குப் போனால் எனக்கு நல்லதல்ல. அகிலா எல்லாவற்றையும் மூடி எனக்குப் பாதுகாப்பாகக் கொடுத்திருந்தாள். நான் சும்மா இருந்தால் போதும்.

7

எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்ததும் நான் எழுந்தேன்.

"ஒரு நிமிடம். அந்த இரண்டாவது பிழை மேடம் வைத்தது அல்ல. அது என்னுடையது. இந்த பிராசஸரை எழுதிய நாளிலிருந்தே அதில் இருக்கிறது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தேவிகா கை தட்ட ஆரம்பித்தாள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். தவற்றை இப்படி வகுப்பில் ஒத்துக்கொள்ளும் ஆசிரியரைப் பார்த்ததே இல்லை என்று ஒரு மாணவன் ஆங்கிலத்தில் சொன்னான். எனக்கு அந்தக் கைதட்டல் இனித்தது. அது ஓய்கிறவரை நின்றுகொண்டே இருந்தேன்.

அப்போது சரவணன் யதார்த்தமாகக் கேட்டான்: "அப்படியென்றால் மேடம், ஒன்றுதான் வைத்தீர்களா? இரண்டாவது உங்களுக்கே தெரியாதா?"

அறை சிரித்தது. மோசமான சிரிப்பு இல்லை. ஆனால் சற்று முன்புவரை அவளை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த அறை அது. அகிலாவும் சிரித்தாள். "தெரியாது. தேவிகாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்" என்று சொல்லிவிட்டுப் பலகையில் பாடத்தை எழுதத் திரும்பினாள். முடிகிறவரை நன்றாகவே எடுத்தாள். கடைசி வரிசையை மட்டும் மறுபடி பார்க்கவில்லை.

திரும்பும்போது நான் கார் ஓட்டினேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். பெரிய மனசுங்க உங்களுக்கு என்று ஒரு வார்த்தை வரும் என்றுகூட எதிர்பார்த்தேன். நெடுஞ்சாலை முடிந்து குளாய்க்குள் நுழையும்வரை அவள் வகுப்புக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டே வந்தாள்.

"கோவமா?" என்றேன். "உண்மையைத்தானே சொன்னேன்."

"உண்மைதாங்க. மனசு உறுத்துச்சு, அதான் எந்திரிச்சேன்னு சொல்லுங்க, நான் ஒரு வார்த்தை பேசலை."

நான் சொல்லவில்லை. சிவப்பு விளக்கு விழுந்தது, காரை நிறுத்தினேன்.

"வேலையை விட்டுட்டு உங்க கூட வந்தேன். இல்லத்தரசின்னீங்க, சரின்னேன். இந்தக் கிளாஸுக்கு என்னையக் கேக்கச் சொன்னதை மறந்துட்டேன்னீங்க, அதுக்கும் சரின்னேன். இன்னைக்கு உங்க தப்பு ஒண்ணு, ஒரு டீ குடிக்கிற நேரம் என் பேருல இருந்துச்சு. அதைக்கூட என்கிட்ட விட்டுவைக்க உங்களுக்கு மனசு வரலை, இல்ல?"

வரவில்லைதான். பச்சை விழுந்த பிறகும் நான் காரை எடுக்காததால் பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.